செகோவியாவின் 1937 ஹவுசர் கிட்டார்: பழசு என்பதால்தான் அதற்கு மதிப்பா?

கேள்வி: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஸ்பானியக் கிட்டார் கலைஞர் செகோவியா வாசித்த 1937ஆம் ஆண்டு ஹவுசர் கிட்டாரைப் பார்த்தேன். பார்வைக்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. அதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? கையால் செய்த கிட்டார் பழசாகப் பழசாக மெருகேறுமா? என் மகன் கிளாசிக்கல் கற்றுக்கொள்கிறான். 1960களில் ஸ்பெயினில் செய்த கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்:

நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஹவுசர் பழசாகி நல்ல கிட்டாரானது அல்ல. மியூனிக் பட்டறையிலிருந்து புதுசாக வந்தபோதே செகோவியா அதைத் தன் கச்சேரிக் கிட்டாராக்கிக்கொண்டார். 1962 வரை, அதாவது ஏறக்குறைய கால் நூற்றாண்டு, மேடையிலும் ஒலிப்பதிவிலும் அதுதான் அவருடைய குரல். நம் காலத்தின் மிகச் சிறந்த கிட்டார் என்று அவரே அதைச் சொல்லியிருக்கிறார். வயது அதற்கு அருமையைக் கூட்டியது, விலையைக் கூட்டியது. நாதம் முதல் நாளிலேயே இருந்தது.

அந்த நாதம் வந்த வழி கொஞ்சம் நீளம். அதைச் செய்த ஜெர்மானியர் ஹெர்மன் ஹவுசர் 1882இல் பிறந்தவர். அப்பாவும் வாத்தியம் செய்கிறவர்தான். மகன் ஆரம்பத்தில் செய்தவை அன்றைய தெற்கு ஜெர்மனியில் புழங்கிய வியன்னா பாணிக் கிட்டார்கள், ஸ்பானியக் கிட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. 1924இல் செகோவியா மியூனிக் வந்தபோது அவர் கையிலிருந்தது 1912இல் மாட்ரிடில் மானுவேல் ராமிரெஸ் பட்டறையில் செய்த கிட்டார். ஹவுசர் அதை அக்கக்காகப் பார்த்தார். மிகேல் யோபெத் என்ற கட்டலோனியக் கலைஞரிடமிருந்த, 19ஆம் நூற்றாண்டில் டோர்ரெஸ் என்பவர் செய்த பழைய கிட்டாரும் அவருக்குப் பழக்கம். அதன்பிறகு வருடக்கணக்கில், செகோவியா வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றைச் செய்து காட்டுவார். செகோவியா வாசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் வரவில்லை என்பார். தனக்கென்று ஒரு பெயரும் தொழிலும் ஏற்பட்டுவிட்ட நாற்பது வயதுக்காரர், இன்னொரு நாட்டுப் பாணியைப் பாலபாடத்திலிருந்து தொடங்கி, பத்து வருடத்துக்கும் மேல் நிராகரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தார். 1937இல்தான் அது அமைந்தது. எனக்கு அந்த கிட்டாரைவிட இந்தப் பிடிவாதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஹவுசர் போய்ச் சேர முயன்ற இடம் டோர்ரெஸ். அவரைப் பற்றிச் சொல்லாமல் பழைய கிட்டார் பேச்சே கிடையாது. அந்தோனியோ டி டோர்ரெஸ், 1817இல் ஸ்பெயினின் தென்கோடியில் அல்மேரியா அருகே பிறந்தவர். அடிப்படையில் தச்சர். செவில் நகரத்துக்குப் போய்க் கிட்டார் செய்தார், பெயர் எடுத்தார். பிறகு ஊர் திரும்பிப் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை வைத்தார். ஆனாலும் 1875 வாக்கில் மறுபடி உளியை எடுத்து, 1892இல் சாகும்வரை செய்துகொண்டிருந்தார். அதனால்தான் அவருடைய கிட்டார்களை முதல் காலம், இரண்டாம் காலம் என்று பிரிக்கிறார்கள். இரண்டாம் காலத்து லேபிள்களில் அவரே அப்படிப் போட்டிருக்கிறார்.

இன்றைக்கு உலகத்தில் எந்தக் கடையில் கிளாசிக்கல் கிட்டாரை எடுத்தாலும் அதன் உருவம் பெரும்பாலும் அவர் நிலைநிறுத்தியதுதான்: அகன்ற உடம்பு, 650 மில்லிமீட்டர் தந்தி நீளம், மெல்லிய மேல்பலகை, அதன் அடியில் விசிறி மாதிரி விரியும் ஏழு சட்டங்கள். விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடிப்பு என்று பலர் எழுதுவது சரியல்ல. செவிலிலும் காதிஸிலும் 18ஆம் நூற்றாண்டிலேயே அதைப் போட்டிருக்கிறார்கள். டோர்ரெஸ் செய்தது, சிதறிக்கிடந்த சங்கதிகளை ஒரே உடம்பில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவில் அமைத்தது.

அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவரே ஒரு சாட்சி விட்டுப்போயிருக்கிறார். 1862இல் ஒரு கிட்டார் செய்தார், பின்பலகையும் பக்கங்களும் அட்டையில், மேல்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில். இன்று அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தியின் அதிர்வைக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலையில் முக்கால்வாசி மேல்பலகையுடையது, மற்றவை துணை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பின்பலகைக்கு ரோஸ்வுட் மரமா மேப்பிள் மரமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த அட்டைக் கிட்டாரின் படத்தைத்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. டோர்ரெஸைக் கடைசிக் காலத்தில் அறிந்திருந்த ஒரு பாதிரியார் பின்னாளில் எழுதியது. கிட்டாரின் ரகசியம் உங்களோடு போய்விடுமே, யாருக்காவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, ஒளிக்க ஒன்றுமில்லை, பலகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும்போது அந்த விரல் நுனிகளுக்குத் தெரிகிறதுதான் ரகசியம், அது என்னோடு மண்ணுக்குத்தான் போகும் என்றாராம். கதைபோல இருந்தாலும் தொழில் தெரிந்தவர்கள் இதைப் பொய் என்று தள்ளமாட்டார்கள். காரணம் இருக்கிறது.

மேல்பலகை என்பது ஒரே மரத்துண்டைப் பிளந்து, புத்தகத்தை விரித்ததுபோல இரண்டு பாதியையும் நடுவில் ஒட்டியது. ஆல்ப்ஸ் மலையில் உயரத்தில், குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் என்றால் ரேகைகள் தலைமுடியால் கோடு போட்டாற்போல் நெருக்கமாக ஓடும். ஆனால் ஒரே மரத்தில் மேலும் கீழும் அறுத்த இரண்டு துண்டுகள்கூட ஒன்றுபோல் வளைவதில்லை. ஒன்று விறைப்பாக இருக்கும், ஒன்று இளகும். ஆகவே 'இரண்டேகால் மில்லிமீட்டருக்கு இழைத்து வை' என்று அளவு சொல்லி வேலை வாங்க முடியாது. இழைப்புளியால் ஒரு சுருள் எடுப்பார்கள், பலகையை வளைத்துப் பார்ப்பார்கள், ஓரத்தில் பிடித்துக்கொண்டு விரல் கணுவால் தட்டிக் கேட்பார்கள், மறுபடி ஒரு சுருள். நடுவில் இரண்டு மில்லிமீட்டருக்கு முன்பின் விட்டு, ஓரத்துக்குப் போகப்போக இன்னும் மெலிய விடுவார்கள். அதிகம் விட்டால் பலகை ஊமை. அதிகம் எடுத்தால் கொஞ்ச நாள் கணீரென்று கத்திவிட்டுத் தந்தி இழுப்பில் குழிந்துபோகும். நல்ல கைவினைக் கிட்டார் முழுவதும் ஒன்றேகால், ஒன்றரை கிலோதான் இருக்கும். அதன்மேல் ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கின்றன. உடைந்துபோகாமல் ஆனால் உடைந்துவிடுகிற எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் இந்த வாத்தியத்தின் பிழைப்பே.

தொழிற்சாலைக்காரர்கள் இந்த எல்லைக்குக் கிட்டவே போவதில்லை, போகவும் முடியாது. பத்தாயிரம் கிட்டார் அனுப்பினால் ஒன்றுகூட உடைந்து திரும்பி வரக்கூடாது. எனவே எல்லாப் பலகையும் ஒரே தடிமன், அதுவும் மிக விறைப்பில்லாத பலகையையும் தாங்கக்கூடிய தடிமன். கைவினைக் கிட்டாருக்கும் ஆலைக் கிட்டாருக்கும் உள்ள வித்தியாசம் அலங்காரத்தில் இல்லை, இந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. ஹவுசர் உங்கள் கண்ணுக்குச் சாதாரணமாகப் பட்டதற்கும் இதுதான் காரணம். ஒலித்துளையைச் சுற்றி மர மொசைக் வளையம், ஓரத்தில் மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். வேலை முழுவதும் உள்ளே.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். பழைய கிட்டார் விற்கிறவர்கள் பிரேசில் ரோஸ்வுட் என்று சொல்லும்போது குரலே மாறும். அழகான மரம், சந்தேகமில்லை. ஆனால் 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரத்தில், மற்றபடி ஒன்றேபோல் செய்த ஆறு கிட்டார்கள். எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கவிட்டதில், மரத்தைப் பார்த்து விலை வைக்கிற அளவுக்குப் பெரிய வேறுபாடு எதையும் வாசித்தவர்கள் காணவில்லை. அவை ஸ்டீல் தந்திக் கிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் டோர்ரெஸின் அட்டைப் பெட்டி சொன்னதற்கு இது பக்கத்தில்தான் வருகிறது. டோர்ரெஸே சைப்ரஸ், மேப்பிள், ரோஸ்வுட் என்று கிடைத்ததில் செய்தவர்தான்.

பிரேசில் மரம் அருகிப்போனபின் 1960களின் கடைசியிலிருந்து ஸ்பெயின் பட்டறைகள் மாறிக்கொண்டது இந்திய ரோஸ்வுட்டுக்கு. நம் ஊர் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்த மரம் மாட்ரிடில் வளைந்து பக்கப்பலகையானது. இங்கே அதைக் காப்பாற்ற 1994இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மேலே பூசும் மெருகும் இங்கிருந்து போனதே: மரத்தில் பூச்சி விடுகிற அரக்கு, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துச் சரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றுவார்கள். பலகையின் வாயைக் கட்டாத அளவுக்கு மெல்லிய பூச்சு. முன்கை வியர்வை பட்டாலே தேயும்.

சரி, வயது ஏறினால் மெருகேறுமா? மரம் வருடக்கணக்கில் காய்ந்து, பிசின் இறுகி, ஈரத்தை முன்போல் உறிஞ்சாமல் கொஞ்சம் லேசாகவும் விறைப்பாகவும் ஆவது உண்மை. புதுக் கிட்டார் முதல் சில மாதம் வாசிக்க வாசிக்கத் திறக்கிறது என்று வாசிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், என் காதும் ஆமாம் என்கிறது. ஆனால் அந்த மாதங்களில் வாசிக்கிறவரும் கிட்டாரைப் பழகிக்கொள்கிறார், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். வயலினில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2010இல் இண்டியானாபோலிஸில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று புது வயலினும் மூன்று பழைய இத்தாலிய வயலினும் வாசித்தார்கள். மிகக் குறைவாக விரும்பப்பட்டது, பழைய வயலின்களிலேயே பெரும் பெயர் பெற்ற இத்தாலிய ஆசாரி ஸ்ட்ராடிவேரி செய்த ஒன்று.

கிட்டாரின் நிலை இன்னும் மோசம். வயலின் பலகை வில்வளைவாகச் செதுக்கியது, தாங்கும். கிட்டாரில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை பலகையின்மேல் ஒட்டப்பட்டது, தந்தி அதை நாள் முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மெல்லிய மரம் மெல்லமெல்ல அந்த இழுப்புக்கு இணங்கிப்போகிறது. அதனால் ஐம்பது வருடம் மேடையில் உழைத்த கிட்டார் களைத்துப்போகும் என்று நம்புகிறவர்கள் வாசிப்பவர்களிலும் செய்பவர்களிலும் நிறைய. டோர்ரெஸ் இன்னும் பாடுகிறதே என்று எதிர்வாதமும் உண்டு. பாடுவது பாடுகிறது, பாடாமல் போனதை யாரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை என்பது என் பதில்.

இதில் பலர் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று. 1937இல் ஹவுசர் அந்தக் கிட்டாரைச் செய்தபோது நைலான் தந்தியே கிடையாது. ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புதான் மேல் மூன்று தந்திக்கும். போர்க்காலத்தில் குடல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்து செகோவியாவிடம் கொடுத்தார். ஆக நாம் இசைத்தட்டில் கேட்கிற ஹவுசர், பெரும்பாலும் அதைச் செய்தவர் மனதில் வைத்திராத தந்தியில் பாடுகிறது. பழைய வாத்தியத்தின் அசல் நாதம் என்று பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கையால் செய்தது என்றால் யார் கையால் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. செகோவியாவின் 1912 கிட்டாரில் ஒட்டியிருக்கும் பெயர் மானுவேல் ராமிரெஸ். செய்த கை அந்தப் பட்டறையில் வேலைபார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்பதே பரவலான கருத்து. இதில் மோசடி ஒன்றுமில்லை. முதலாளி பெயரில் சரக்கு வெளியேறுவது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். 1960களின் ஹோசே ராமிரெஸ் பட்டறையிலும் பல ஆசாரிகள் இருந்தார்கள். முதல் தரக் கிட்டார்களின் உள்ளே செய்தவரின் முத்திரை இருக்கும். ஹவுசர் என்று பார்த்தாலும், தாத்தா 1952இல் காலமானபின் மகன், பேரன், இப்போது கொள்ளுப்பேத்தி என்று வேலை தொடர்கிறது. எல்லோரும் நன்றாகச் செய்கிறவர்கள், ஆனால் விலை ஒன்றல்ல.

வேண்டுமென்றே செய்கிற போலிகளும் உண்டு, டோர்ரெஸ் பெயரில் குறிப்பாக. லேபிள் வெறும் காகிதம், ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம். நிபுணர்கள் நம்புவது கழுத்தின் தலைவடிவம், உள்ளே சட்டங்களை முடித்த விதம், உளித் தடம் இவற்றை. இன்னும் சந்தேகம் என்றால் மேல்பலகையின் ஆண்டு வளையங்களை அளந்து, தேதி தெரிந்த மர வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். கடைசி வளையம் 1890 என்று வந்து, லேபிள் 1864 என்று சொன்னால் விஷயம் முடிந்தது. வளையம் முந்தையதாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. பழைய மரம் வாங்கிப் போலி செய்கிறவனும் இருக்கிறான்.

இனி உங்களுக்கு வந்திருக்கிற கிட்டார். நேரில் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி கம்பியில் மாட்டிய கண்ணாடியும் எடுத்துப்போங்கள். தந்திகளைத் தளர்த்தச் சொல்லி, ஒலித்துளை வழியே கண்ணாடியைத் திருப்பி மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விசிறிச் சட்டங்கள் வரிசையாக ஒட்டியிருக்க வேண்டும். ஏதாவது ஒன்றின் நுனி தூக்கியிருந்தால், அங்கே ஒரு காகிதத் துண்டு நுழையும். ரேகை நெடுக வெடிப்பு விட்டு, உள்ளே சின்னச் சதுரத் தட்டுகள் ஒட்டிப் பழுதுபார்த்திருந்தால் பயப்பட வேண்டாம், ஒழுங்காகச் செய்த ஒட்டு மரத்தைவிட உறுதி. ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். பிறகு கிட்டாரைக் கண் மட்டத்தில் படுக்கைவாக்கில் பிடித்து மேல்பலகையைப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் லேசான மேடு சகஜம். முன்னால், ஒலித்துளைப் பக்கம் பள்ளமாக அமுங்கியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். கழுத்துக்கும் உடம்புக்கும் உள்ள கோணம் மாறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஸ்பானிய முறையில் பக்கப்பலகைகள் கழுத்தின் அடிக்கட்டையிலேயே சொருகி ஒட்டப்படுவதால், வயலின் மாதிரி கழுத்தைக் கழற்றிச் சரிசெய்கிற வேலை இதில் நடக்காது.

எந்தத் தந்தி போட்டிருந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நம் பக்கம் கிட்டார் என்றாலே ஸ்டீல் தந்தி என்ற நினைப்பு. சுமார் 40 கிலோவுக்குச் செய்த பலகையில் 70 கிலோவுக்கும் மேல் இழுக்கிற தந்தியை மாட்டி, பிரிட்ஜோடு மேல்பலகையின் தோலும் உரிந்து வந்த நல்ல கிட்டாரை நான் பார்த்திருக்கிறேன். நண்பரின் பெரியப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. பெட்டியில் அழகாகத்தான் இருந்தது.

பழைய வேலைகளில் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் வஜ்ஜிரப் பசைதான். அதில் ஒரு சௌகரியம், சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும், பழுதுபார்க்கிறவர் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். அதுவே ஆபத்தும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால், வரும்போது பிரிட்ஜ் தனியாகக் கிடக்கும். சென்னை மாதிரி ஊரில் இன்னொரு தொல்லை. கிட்டாரை ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். இங்கே 80இல் பலகை ஊதும், ஏசி அறையில் ராத்திரி முழுக்க வைத்தால் சுருங்கும். ஊதுவதைவிடச் சுருங்குவதுதான் வெடிக்க வைக்கும். பெட்டிக்குள் ஒரு ஈரமானி வைத்து, வாசித்து முடித்ததும் பெட்டியை மூடிவிடுங்கள்.

விலை பற்றி: டோர்ரெஸோ தாத்தா ஹவுசரோ நல்ல நிலையில் இருந்தால் லட்சம் டாலருக்கு மேல் பேசுவார்கள். வயலினோடு பார்த்தால் அது சில்லறை. 2011இல் லேடி பிளண்ட் என்ற ஸ்ட்ராடிவேரி 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. 1960களின் ஸ்பானியக் கிட்டார்கள் இந்தக் கணக்கிலேயே வராது. பெரிய பட்டறைகள் அப்போது கையால் செய்த முதல் தரத்தோடு மாணவர்களுக்கான மலிவுச் சரக்கையும் அதே பெயரில் விற்றன. பெயரைப் பார்த்து முதல் தர விலை கேட்பார்கள், ஜாக்கிரதை. ராமிரெஸ் முதல் தரம் என்றால் தந்தி நீளத்தையும் அளந்து பாருங்கள், அந்தக் காலத்தில் பெரும்பாலும் 664 மில்லிமீட்டர். வளர்கிற பையனின் இடது கைக்கு அது வம்பு. 650க்கு மேல் வேண்டாம், கை சின்னதென்றால் 640 தேடுங்கள்.

மகன் கற்பதற்குத்தான் என்றால் என் யோசனை, அதே காசில் இன்று உயிரோடு இருக்கிற ஒரு நல்ல ஆசாரி செய்த புதுக் கிட்டார். மேல்பலகை ஒற்றை மரமா, ஒட்டுப்பலகையா என்று ஒலித்துளையின் ஓரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ரேகை மேலிருந்து கீழ்வரை வெட்டு முகத்திலும் தொடர்ந்தால் ஒற்றை மரம். பழையதுதான் வேண்டுமென்று மனம் நின்றுவிட்டால், பணம் கொடுக்குமுன் பின்பலகை எந்த மரம் என்று எழுதி வாங்குங்கள். பிரேசில் ரோஸ்வுட் என்றால் 1992 முதல் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் உள்ள மரம், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். ஈட்டி மரத்தில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 முடிவில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள், அதில் உங்களுக்குத் தொந்தரவு வராது.